நாதியற்ற நாய்க்கு ஓர் இல்லம்

தமிழில் நாய் என்னும் சொல்லுக்குப் பல முகங்கள் உண்டு. பிறரை இழித்துரைக்க விழைவோர் அதனை வசையாக எடுத்தாளுகின்றனர். மாணிக்கவாசகர் போன்ற அருளாளர்களோ இறைவன் திருமுன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும்பொழுது 'நாயேன்' எனவும் 'நாயடியேன்' எனவும் கூறிக்கொண்டனர். நட்பின் உறுதிக்கு யானையினும் நாயே ஏற்ற உவமை என நாலடியார் காட்டுவதைத் தமிழாசிரியர் நன்கறிவர். இழிவுக்கும் நாய், பணிவுக்கும் நாய், நன்றிக்கும் நாய் என்று நம் மொழி அவ்வுயிரைப் பலவாறு பயன்கொண்டுள்ளது. எனினும், உவமையில் நிற்கும் நாய் வேறு. தெருவில் விலாவெலும்பு தெரியத் திரியும் நாய் வேறு. உவமைக்குச் சோறு வேண்டுவதில்லை.

பிற உயிர்களிடத்து இரங்குதல் தமிழர்க்குப் புதிய அறமன்று. குளிரால் நடுங்குகிறது எனக் கருதி மயிலுக்குத் தன் போர்வையை அளித்த பேகனையும், படரக் கொழுகொம்பின்றி வாடிய முல்லைக்குத் தேரை விட்டுச்சென்ற பாரியையும் நாம் இன்றளவும் போற்றுகிறோம். ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. பேகனின் அரண்மனை வாயிலில் மறுநாள் காலையில் நூறு மயில்கள் வந்து நின்றிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? அதற்கடுத்த நாள் ஆயிரம் மயில்கள் வந்திருந்தால்? கொடையாளியைப் பாடிய புலவர்க்கு இக்கேள்வி எழவில்லை. எழவேண்டிய தேவையும் அக்காலத்தில் இல்லை. பெருநகரங்கள் தோன்றி, உடையவர் இல்லாத உயிர்கள் ஆயிரக்கணக்கில் தெருக்களில் பெருகிய பின்னரே இக்கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. தெருநாய்களைக் காத்து அவற்றுக்குப் புதிய இல்லம் தேடித்தரும் முயற்சியின் வரலாறு, இந்தக் கேள்விக்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாறே ஆகும். அவ்விடைகளுள் மூன்றனை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பம்பாயில் எழுந்த கலவரம்

முதல் விடை நம் இந்திய மண்ணிலேயே பிறந்தது. பம்பாய் நகரில் ஆங்கிலேய ஆட்சியினர் தெருநாய்களைக் கொல்லுமாறு ஆணையிட்டிருந்தனர். கொன்ற நாய்க்கு இவ்வளவு என்று காவலர்க்குக் கூலியும் கிடைத்தது. கூலி கிடைக்கும் வேலையில் வரம்பு நிற்பதில்லை. 1832ஆம் ஆண்டு ஜூன் திங்களில், வீட்டு நாய்களையும் காவலர் பிடித்துக் கொன்றனர் என்ற சினம் மக்களிடையே மூண்டது. பார்சி மக்களின் சமயத்தில் நாய்க்குத் தனித்ததோர் இடம் உண்டு. இறந்தவர் உடலை நாய் பார்க்கச் செய்தல் அவர்தம் ஈமச்சடங்கின் ஒரு பகுதியாகும். ஆகவே அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். கடைகள் அடைக்கப்பட்டன, கோட்டைக்குச் செல்லவேண்டிய உணவுப்பொருள்கள் தடுக்கப்பட்டன. படையை அழைத்தே ஆட்சியினர் அமைதியை நிலைநாட்ட வேண்டியதாயிற்று.

கலவரம் அடங்கியது, கேள்வி அடங்கவில்லை. கொல்லக் கூடாது என்றால் அந்நாய்களை எங்கே வைப்பது? செல்வந்தரும் வள்ளலுமான ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் பிற வணிகர்களோடு இணைந்து 1834ஆம் ஆண்டு பம்பாயில் 'பாஞ்ச்ராபோல்' என்னும் காப்பகத்தை நிறுவினார். குஜராத்தி வணிகரிடையேயும் சமணரிடையேயும் நெடுங்காலமாக வழங்கிவந்த மரபு இது. நோயுற்ற உயிரும் முதிர்ந்த உயிரும் கைவிடப்பட்ட உயிரும் அங்குக் கொண்டுவந்து சேர்க்கப்படும். இறக்கும்வரை அவற்றுக்குத் தீனி உண்டு.

இம்மரபின் பெருமை அதன் எல்லையற்ற இரக்கத்தில் இருக்கிறது. அதன் குறையும் அவ்விடத்திலேயே தொடங்குகிறது. உள்ளே வரும் வழி அகலமாக இருந்தது. வெளியே செல்லும் வழி சாவு ஒன்றே. வருவன வந்துகொண்டேயிருக்க, இருப்பன இருந்துகொண்டேயிருந்தால், எத்துணைப் பெரிய வளாகமும் ஒருநாள் நிரம்பிவிடும். உயிரைக் காத்தல் வேறு, அவ்வுயிர்க்கு ஒரு வாழ்வு அமைத்துத் தருதல் வேறு என்பதை உணர்தற்கு இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தன.

ஹாலோவேயில் ஒரு பழைய லாயம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொழிற்புரட்சியால் நாட்டுப்புற மக்கள் நகரை நோக்கித் திரண்டனர். அவர்களோடு நாய்களும் வந்தன. விலங்குகளைக் கொடுமையினின்று காக்கும் முயற்சி அங்கு முன்பே தொடங்கியிருந்தது. 1822ஆம் ஆண்டு கால்நடைகளைக் கொடுமைப்படுத்துதலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1824ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் நாய்க்கும் பாதுகாப்பு வழங்கியது. எனினும், இச்சட்டங்கள் ஒருவன் நாயை அடித்தால் கேட்டன. ஒரு நாய் பசியால் இறந்தால் கேட்கவில்லை. குற்றவாளி இல்லாத துன்பத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர் மேரி டீல்பி என்னும் பெண்மணியார். 1801இல் பிறந்த அவர், கணவரைப் பிரிந்து, வட இலண்டனில் இஸ்லிங்டன் வட்டாரத்தில் எளிய வருவாயோடு வாழ்ந்து வந்தார். அவருடைய தோழியார் சாரா மேஜர் தெருவில் பட்டினியால் வீழ்ந்து கிடந்த நாயொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பேணினார். அந்நாய் பிழைக்கவில்லை என்பர். ஆனால், அதன்பின் அவ்வீட்டின் பின்கட்டுக்கு மேலும் நாய்கள் வந்தன. பேகனின் வாயிலில் மறுநாள் வந்து நின்ற மயில்கள் இவையே. இடம் போதாமற் போகவே, 1860ஆம் ஆண்டு ஹாலோவே பகுதியில் பழைய குதிரைலாயம் ஒன்று வாடகைக்கு அமர்த்தப்பட்டது. அவருடைய தம்பியாரும் சமயகுருவுமான எட்வர்ட் பேட்ஸ் துணைநின்றார். குழு ஒன்று அமைக்கப்பட்டது, நன்கொடை திரட்டப்பட்டது.

அந்நிறுவனத்துக்கு அவர்கள் இட்ட பெயரை ஊன்றி நோக்குதல் நலம். 'காணாமற்போன, பசியால் வாடும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்' என்பது அப்பெயர். 'தற்காலிகம்' என்ற ஒரு சொல்லில்தான் புதுமை பொதிந்திருக்கிறது. பாஞ்ச்ராபோல் நாய்க்கு இறுதிப் புகலிடம். ஹாலோவே இல்லம் ஓர் இடைவழிச் சத்திரம். வழிதவறிய நாயை உடையவரிடம் சேர்ப்பதும், உடையவர் அற்ற நாய்க்குப் புதிய உடையவரைத் தேடித் தருவதும் அதன் நோக்கம். எத்தனை நாய்கள் உள்ளே இருக்கின்றன என்பதைக் கொண்டு அதன் வெற்றியை அளத்தல் இயலாது. எத்தனை நாய்கள் நல்ல இல்லத்துக்குச் சென்றன என்பதே அதன் அளவுகோல். மீட்பு என்பது நாயைத் தெருவிலிருந்து தூக்கிய கணத்தில் முடிந்துவிடுவதன்று. மற்றொருவர் வீட்டு வாயிற்படியை அந்நாய் தாண்டும்பொழுதே அது நிறைவுறுகிறது. இன்று உலகெங்கும் 'தத்தெடுத்தல்' எனப் பேசப்படும் வழக்கத்தின் வித்து இதுவேயாகும்.

ஏளனமும் ஏற்பும்

புதுமையை உலகம் உடனே வரவேற்றுவிடுவதில்லை. 'தி டைம்ஸ்' நாளிதழ் 1860ஆம் ஆண்டிலேயே இம்முயற்சியை எள்ளி நகையாடியது. மனிதர் பலர் தங்க இடமின்றித் தவிக்கும் நகரில் நாய்க்கு மனை கட்டுதல் மடமை என்னும் எண்ணம் பலரிடம் இருந்தது. அக்காலத்து இலண்டனில் வறுமை கொடிதாக இருந்தது உண்மை. ஆகவே அவ்வினாவை முற்றிலும் தீய நோக்கின் விளைவெனத் தள்ளிவிட இயலாது. எனினும், ஓரிடத்துச் செலவிடப்படும் இரக்கம் மற்றோரிடத்தினின்று திருடப்பட்டது என்னும் கருத்துக்கு வரலாறு சான்று பகரவில்லை. இங்கிலாந்தின் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்த கூட்டத்தில், அடிமை ஒழிப்புக்கு வாழ்நாளை ஈந்த வில்லியம் வில்பர்போர்சும் அமர்ந்திருந்தார். அடிமைக்காக வாதாடிய நா விலங்குக்காகவும் வாதாடிற்று.

ஏளனத்தை மாற்றியதில் எழுத்துக்குப் பெரும் பங்குண்டு. புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1862ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளிவந்தது. இஸ்லிங்டனில் அவ்வாண்டு நடந்த ஆடம்பரமான நாய்க் கண்காட்சியையும், அதற்கு அணித்தே இருந்த ஹாலோவே இல்லத்தையும் அது அருகருகே வைத்துக் காட்டியது. ஒருபுறம் பரிசு பெற்ற உயர்குல நாய்கள். மறுபுறம் பெயரற்ற தெருநாய்கள். அக்கட்டுரை இல்லத்தின்பால் படித்தோரின் பரிவைத் திருப்பியது. எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்தோர் இச்செய்தியைக் கருத்திற்கொள்ளுதல் தகும்.

மேரி டீல்பி அம்மையார் 1865ஆம் ஆண்டு மறைந்தார். தாம் நட்ட கன்று மரமானதை அவர் காணவில்லை. நாய்களின் ஓயாத குரைப்பைப் பொறாத அண்டை வீட்டார் முறையிடவே, 1871ஆம் ஆண்டு அந்நிறுவனம் தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள பேட்டர்சீக்கு இடம் பெயர்ந்தது. 1883ஆம் ஆண்டு முதல் பூனைகளும் அங்கே இடம் பெற்றன. 1885ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியார் அதன் புரவலரானார். கால் நூற்றாண்டுக்கு முன் நகைப்புக்குரியதாயிருந்த லாயம் அரச மதிப்பைப் பெற்ற நிறுவனமாயிற்று.

கணக்கும் கருணையும்

இவ்விடத்தில் வரலாற்றின் கசப்பான பக்கத்தையும் திறந்து காட்டுதல் கடமையாகும். 1867ஆம் ஆண்டு இலண்டன் தெருக்கள் பற்றிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கட்டுப்பாடின்றித் தெருவில் திரியும் நாய்களைப் பிடித்துவைக்கும் அதிகாரம் காவல்துறைக்கு அளிக்கப்பட்டது. பிடித்த நாய்களை வைக்க இடம் வேண்டும். இல்லமோ அதற்கென்றே இருந்தது. காவல்துறையினர் கொண்டுவந்த நாய்களை இல்லம் ஏற்றுக்கொள்ளலாயிற்று. அதனால் வருவாயும் நிலைபேறும் கிடைத்தன. அதே வேளையில், தான் தேர்ந்தெடுத்த நாய்க்குப் புகலளித்த இல்லம், மாநகரம் அனுப்பிய எல்லா நாய்களையும் ஏற்கவேண்டிய நிலைக்கு உள்ளாயிற்று.

விளைவு யாது? உடையவர் தேடிவந்த நாய்கள் திரும்பிச் சென்றன. தோற்றப் பொலிவும் நற்குணமும் உடைய நாய்களைப் புதியோர் விலை கொடுத்துப் பெற்றுச் சென்றனர். எஞ்சிய நாய்கள் பல, அவை கொல்லப்பட்டன. நாய்க்கு இல்லம் என்று பெயர்பூண்ட இடமே ஆயிரக்கணக்கான நாய்களின் உயிர் பிரிந்த இடமாகவும் ஆயிற்று. அங்குப் பணியாற்றியோர் கொடியவர் அல்லர். சாவையேனும் நோவற்றதாக்க வேண்டும் என்று அவர்கள் பாடுபட்டனர். மருத்துவ அறிஞர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் வகுத்த முறைப்படி, மயக்கமூட்டும் வளியினால் உயிர்போக்கும் அறையொன்று 1884ஆம் ஆண்டு பேட்டர்சீயில் அமைக்கப்பட்டது. கருணை தன் கையாலாகாமையை ஒப்புக்கொண்ட இடம் அந்த அறை.

வெறிநாய்க்கடி நோய் பற்றிய அச்சம் இந்நெருக்கடியை மேலும் கூட்டியது. அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை என்பதால் அந்நோய்க்கு மக்கள் நடுங்கினர். 1885ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பு மருந்தைச் செலுத்தி உயிர் காத்தார். அது மனிதர்க்குக் கிட்டிய காப்பு, தெருநாய்க்கு அன்று. இலண்டனில் நாய்களுக்கு வாய்க்கூடு அணிவிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. வாய்க்கூடு இல்லாத நாய்கள் பிடிபட்டன. நாட்டளவில் 1897ஆம் ஆண்டு முதல் இவ்விதி கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. வெளிநாட்டு நாய்களை ஒதுக்கிவைத்துக் கண்காணிக்கும் முறையும் வந்தது. 1902ஆம் ஆண்டளவில் அந்நோய் பிரித்தானியாவினின்று ஒழிந்தது. உடையவரின் பொறுப்பைச் சட்டம் வற்புறுத்தியதன் பயனை இதில் காண்கிறோம்.

மற்றொரு செய்தியும் நினைவுகூரத்தக்கது. உடையவரற்ற நாய்களை உயிரோடு அறுத்துச் சோதனை செய்யும் ஆய்வகங்களுக்குத் தருவதில்லை என்பதில் இல்லம் உறுதியாக நின்றது. 1906ஆம் ஆண்டு நாய்கள் பற்றிய சட்டம் இவ்வறத்தை நாட்டுக்கே பொதுவாக்கியது. காவல்துறை பிடித்த நாயை ஏழு நாள் வைத்திருக்க வேண்டும். அத்தகைய நாயை ஆய்வுக்காக விற்கவோ கொடுக்கவோ கூடாது என அது விதித்தது. நாதியற்ற நாயைக் காக்க இயலாமற் போகலாம். ஆனால், நாதியற்றது என்பதற்காகவே அதனைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை எவர்க்கும் இல்லை என்னும் கோட்பாடு அச்சட்டத்தில் எழுத்துருப் பெற்றது.

அமெரிக்காவில் இதே காலத்தில் நிகழ்ந்தவற்றோடு ஒப்புநோக்கினால் பேட்டர்சீயின் இடம் விளங்கும். நியூயார்க் நகரில் பிடிபட்ட நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து ஆற்றினுள் அமிழ்த்திக் கொன்றனர். பிலடெல்பியா நகரில் கரோலின் ஏர்ல் ஒயிட் அம்மையார் 1869ஆம் ஆண்டு பெண்களைக் கொண்டே விலங்குவதைத் தடுப்புக் கிளையொன்றை அமைத்து, நாய் பிடிப்போரின் கொடுமையை மாற்றிக் காப்பகம் நிறுவினார். நியூயார்க்கில் 1894ஆம் ஆண்டு அப்பணி விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. எங்கும் ஒரே வரிசை: முதலில் கொலை, பின்னர்க் காப்பகம், அதன்பின் காப்பகத்துக்குள்ளேயே இடநெருக்கடி.

போர்க்காலத்து ஒரு காட்சி

மக்களின் மனநிலை மாறும்பொழுது வளர்ப்பு நாயும் ஒரே நாளில் நாதியற்றதாகிவிடும் என்பதை 1939ஆம் ஆண்டு காட்டியது. இரண்டாம் உலகப்போர் மூண்ட முதல் வாரத்தில், குண்டுவீச்சுக்கும் உணவுத் தட்டுப்பாட்டுக்கும் அஞ்சிய இலண்டன் மக்கள் தாம் அன்போடு வளர்த்த நாய்களையும் பூனைகளையும் தாமே கொல்லக் கொடுத்தனர். அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 400,000 என வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். அரசு அவ்வாறு கட்டளையிடவில்லை. ஒரு குண்டும் அதுவரை விழவில்லை. அச்சம் ஒன்றே காரணம். பேட்டர்சீ இல்லம் மக்களை அவசரப்பட வேண்டா எனக் கேட்டுக்கொண்டது. மிகச் சில பணியாளரைக் கொண்டே போர் முடியும்வரை 145,000 நாய்களைப் பேணியதாக அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. நாதி என்பது நாயின் இயல்பன்று; மனிதர் தருவது, மனிதரே பறிப்பது.

சென்னை கண்ட மூன்றாம் விடை

ஹாலோவே லாயத்தில் முதல் நாய்கள் புகலடைந்த 1860ஆம் ஆண்டிலேயே, சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் திட்டத்தைத் தொடங்கியது என்று இந்திய நீலச்சிலுவைச் சங்கத்தார் கூறுவர். இலண்டனில் இல்லம், சென்னையில் கொலைக்களம், ஆட்சியோ ஒன்று. விடுதலைக்குப் பின்னரும் அத்திட்டம் மாறவில்லை. 1970களில் கொல்லப்பட்ட நாய்களின் தோல் மிகுதியாகக் கிடைத்தமையால், அதனைக் கொண்டு பணப்பை, கழுத்துப்பட்டி போன்ற பொருள்கள் செய்யவும் முயற்சி நடந்ததாக அவர்களே பதிவு செய்துள்ளனர்.

நீலச்சிலுவைச் சங்கம் 1959ஆம் ஆண்டு தோன்றியது. விமான ஓட்டியான கேப்டன் வி. சுந்தரம், மழைவெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை எடுத்துவந்து தம் இல்லத்தில் வளர்த்தார். அவருடைய துணைவியார் உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவரே. குடும்பத்தார் அனைவரும் அப்பணியில் இணைந்தனர். அவர்தம் மைந்தர் சின்னி கிருஷ்ணா, மாநகராட்சியின் நாய்ப்பட்டிக்குச் சென்று கணக்கேடுகளைப் பார்த்தார். நூறாண்டுகளாகக் கொன்றும் நாய்கள் குறையவில்லை என்பதையும், கொல்லப்படும் எண்ணிக்கையே ஆண்டுதோறும் ஏறிவந்தது என்பதையும் அவ்வேடுகள் அவர்க்கு உணர்த்தின.

காரணம் எளிது. ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழ முடியும் என்பதை அத்தெருவின் குப்பையும் எச்சில் உணவும் முடிவு செய்கின்றன. அங்குள்ள நாய்களை அகற்றினால் உணவு எஞ்சுகிறது. அதை நாடிப் பக்கத்துத் தெரு நாய்கள் வருகின்றன. எஞ்சியவை மிகுதியாகக் குட்டி ஈனுகின்றன. மாறாக, ஒரு நாய்க்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே மீண்டும் விட்டால், அது தன் எல்லையைக் காத்து அயல்நாய்களை விரட்டும். அது இனம் பெருக்காது, நோயும் பரப்பாது. ஒரு வட்டாரத்து நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ப் பரவல் நின்றுவிடும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் கூறுகிறது.

நீலச்சிலுவையினர் 1964ஆம் ஆண்டு இம்முறையை முன்மொழிந்தனர். மாநகராட்சி அதனை ஏற்றுக்கொண்டதோ 1996ஆம் ஆண்டில்தான். இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2001ஆம் ஆண்டு இந்திய அரசு இதனை நாடு முழுமைக்கும் விதியாக்கியது. 2023ஆம் ஆண்டு புதிய விதிகள் வந்தன. பாஞ்ச்ராபோல் நாய்க்கு மதிலுக்குள் இடம் தந்தது. பேட்டர்சீ ஒரு குடும்பத்துக்குள் இடம் தேடித் தந்தது. சென்னையோ, தெருவே நாயின் வீடாகலாம் என்றது.

இம்மூன்றாம் விடையும் முடிந்த முடிபன்று. அறுவையும் தடுப்பூசியும் அரைகுறையாக நடைபெற்றால், தெருநாய் கடித்து இறப்போர் பெரும்பாலும் ஏழைகளும் சிறுவருமே. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், தலைநகர் தில்லியின் தெருநாய்கள் யாவற்றையும் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று இந்திய உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்ட் 22ஆம் நாளிலேயே அவ்வாணை மாற்றப்பட்டது. வெறிநோயுற்றவை, மூர்க்கமானவை நீங்கலாக ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் எனத் திருத்தம் வந்தது. பதினொரு நாள்களுக்குள் ஒரு பேரரசின் உச்சமன்றம் இரு விடைகளுக்கிடையே நின்றதைக் காணும்பொழுது, கேள்வியின் கடுமை நமக்குப் புலனாகிறது.

நம் நாடுகளில்

ஆங்கிலேயர் ஆட்சியின் வழியே வந்த விலங்குவதைத் தடுப்புச் சங்க மரபு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேரூன்றியுள்ளது. சிங்கப்பூர் 1953ஆம் ஆண்டு முதல் வெறிநாய்க்கடி நோயற்ற நாடாக விளங்குகிறது. அந்நாட்டில் கம்பத்து வீடுகள் மறைந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்தபொழுது, மக்கள் நல்வாழ்வு பெற்றனர். நாய்க்கோ முற்றம் இல்லாமற் போயிற்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் அங்கீகரிக்கப்பட்ட சிறு வகை நாய் ஒன்றையே வளர்க்கலாம் என்பது விதி. கலப்பினத் தெருநாய் அவ்வகைகளுள் அடங்காது. ஆகவே, காப்பகத்தில் இருந்த நாயைத் தத்தெடுக்க மனமிருந்தும் பெரும்பாலோர்க்கு வழியில்லாதிருந்தது.

இத்தடையை நீக்கும் பொருட்டு 2012ஆம் ஆண்டு 'அடோர்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. 50 சென்டிமீட்டர் உயரத்துக்கும் 15 கிலோகிராம் எடைக்கும் உட்பட்ட உள்ளூர்க் கலப்பின நாய்களைப் பயிற்சி அளித்து அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க அது இடமளித்தது. பின்னர் உயர வரம்பு 55 சென்டிமீட்டராயிற்று. எடை வரம்பு நீக்கப்பட்டது. ஐந்து சென்டிமீட்டர் என்பது அளவுகோலில் விரற்கடை தூரமே. காப்பகத்தில் காத்திருக்கும் நாய்க்கு அது வாழ்வுக்கும் காத்திருப்புக்கும் இடைப்பட்ட தூரம். 2018ஆம் ஆண்டு, தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தத்துக்கொடுக்கவோ உரிய இடத்தில் விடவோ செய்யும் நாடளாவிய திட்டத்தையும் அரசு தொடங்கியது. பேட்டர்சீயின் விடையும் சென்னையின் விடையும் அத்திட்டத்தில் கைகோத்து நிற்கின்றன.

மலேசியாவில் 2009ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்துப் புலாவ் கெத்தாமில் நடந்த நிகழ்ச்சி பலர் நெஞ்சையும் உலுக்கியது. அத்தீவுவாசிகள் தெருநாய்களைப் பிடித்து, உணவும் நன்னீரும் அற்ற அலையாத்திக் காட்டுத் தீவுகளில் விட்டுவந்தனர். பசியால் நாய்கள் ஒன்றையொன்று தின்றதாகச் செய்தி பரவியது. தன்னார்வலர் படகேறிச் சென்று, இயன்றவற்றை மீட்டுவந்தனர். தொல்லையைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தள்ளிவிட்டால் அது தீர்ந்துவிடும் என்னும் எண்ணத்தின் விளைவு அது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச்சட்டம் இயற்றப்பட்டது. விலங்கை வளர்ப்போர்க்கு அதனைப் பேணும் கடமையையும் அது விதித்தது. 2017ஆம் ஆண்டு சரவாக் மாநிலத்தில் வெறிநாய்க்கடி நோய் தோன்றி உயிர்களைப் பறித்தது. தடுப்பூசியின் இன்றியமையாமையை அத்துயரம் நாடறியச் செய்தது.

நாயைத் தொடுதலில் சமய வரம்பு உடைய மக்களும், நாயைக் குடும்பத்தில் ஒருவராகக் கருதும் மக்களும் அருகருகே வாழும் நாடுகள் நம்முடையவை. ஆதலின், நாயை நேசிப்போர் தம் நாயை அடக்கமாக வளர்ப்பதும், நேசியாதோர் அதனைத் துன்புறுத்தாதிருப்பதும் இங்கு நாய்க்கு மட்டும் செய்யும் நன்மையன்று. அண்டை வீட்டாரோடு கொள்ளும் இணக்கமுமாகும்.

முடிவுரை

இந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டு வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? இரக்கம் இன்றி எதுவும் தொடங்குவதில்லை. சாரா மேஜரின் பின்கட்டும், சென்னையில் வெள்ளத்தினின்று எடுக்கப்பட்ட இரு குட்டிகளும் அதற்குச் சான்று. ஆயினும் இரக்கம் மட்டுமே போதுமானதாக ஓரிடத்தும் இருந்ததில்லை. இரக்கத்தோடு கணக்கும் வேண்டும். கணக்கோடு மருத்துவ அறிவு வேண்டும். அவ்வறிவை நடைமுறைப்படுத்தச் சட்டம் வேண்டும். கணக்கறியாத இரக்கம் நிரம்பி வழியும் காப்பகத்தில் முடிந்தது. இரக்கமறியாத கணக்கோ ஆற்றில் அமிழ்த்திய கூண்டில் முடிந்தது.

காப்பகங்கள் எத்துணைப் பெருகினும், அவற்றை நிரப்புவோர் நாம் என்பதையும் மறத்தல் கூடாது. பண்டிகைப் பரிசாக நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்து, அது வளர்ந்ததும் சாலையோரத்தில் இறக்கிவிடுவோர் இருக்கும்வரை, எந்த இல்லமும் போதாது. விலைகொடுத்து உயர்வகைக் குட்டியை நாடுமுன் காப்பகத்துக் கூண்டுகளை ஒருமுறை சென்று காணுதல், வளர்க்கும் நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்தல், வீடு மாறும்பொழுது அதனைக் கைவிடாதிருத்தல் ஆகியன மாணவரும் எளிதில் உணரக்கூடிய கடமைகள். பேகனின் கொடையை வகுப்பில் விளக்கும் ஆசிரியர், அடுத்த நாள் வந்த நூறு மயில்களைப் பற்றியும் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்பாராக. அக்கேள்விக்கு விடை தேடும் மாணவன் சங்கப் பாட்டையும் தன் தெருவையும் ஒருசேரக் கற்பான்.